ஸ்கீ லிஃப்ட்களின் பெயர்கள் எங்கிருந்து வருகின்றன?

நீங்கள் கேட்டது இது: பனிச்சறுக்கு மலை ஒன்றின் வரைபடத்தைப் பார்த்தேன், கம்பிவடத்தில் ஆட்களை மலைமேல் ஏற்றும் லிஃப்ட்களில் ஒன்றுக்கு வெறும் எண், பக்கத்து லிஃப்டுக்கு ஒரு மனிதரின் பெயர், அதற்கடுத்ததற்கு ஏதோ விளையாட்டுச் சொல், இதற்கெல்லாம் விதி உண்டா, உங்களுக்குப் பிடித்த பெயர்கள் எவை? கேள்வியை இரண்டு தடவை படித்தபோது, உங்கள் சந்தேகம் இன்னும் கொஞ்சம் ஆழமானது என்று தோன்றியது. இந்தப் பெயர்களுக்குப் பொருள் இருக்கிறதா, அல்லது விளம்பரத்துக்காக யாரோ ஒட்டிவிட்டுப் போனவையா என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது. இரண்டு வகையும் உண்டு. எது எந்த வகை என்று பிரித்தறிவது அவ்வளவு கடினமும் இல்லை.

பன்னிரண்டு குளிர்காலம் லிஃப்ட் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். கோபுரத்தில் ஏறிச் சக்கரங்களில் உறைந்த பனியைத் தட்டிவிடுவது, வடத்தின் பிடிகளைச் சோதிப்பது, காற்று அதிகமானால் லிஃப்டை நிறுத்துவது என்றெல்லாம். வட அமெரிக்க மலைகள்தான் கையால் தொட்டுப் பழகியவை. ஐரோப்பாவையும் ஜப்பானையும் பயணியாகப் போய்ப் பார்த்தேன், அவ்வளவுதான். அவற்றைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். லிஃப்டுக்கு இப்படித்தான் பெயர் வைக்க வேண்டும் என்று உலகம் முழுவதற்குமான விதி எதுவும் கிடையாது. பாதுகாப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்புகள் லிஃப்டைப் பதிவுசெய்து, சோதித்து, உரிமம் கொடுக்கும். கொலராடோவில் அதற்கென்றே ஒரு வாரியம் இருக்கிறது. அந்தக் கோப்பில் முக்கியம் எந்திரத்தின் விவரங்கள்தான், பெயரின் அழகு இல்லை. திட்ட வரைபடத்தில் ஒரு லிஃப்ட் பெரும்பாலும் ஓர் எழுத்தாகவோ எண்ணாகவோதான் பிறக்கிறது. திறப்பு விழாவுக்கு முன்பு மலையை நடத்துபவர்கள் உட்கார்ந்து ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பெயர் நிற்குமா நிற்காதா என்பதை முடிவு செய்கிறவர்கள் வேறு: அதில் தினமும் ஏறி இறங்குகிறவர்களும், அதை ஓட்டுகிற எங்களைப் போன்றவர்களும்.

பள்ளி இலக்கணத்தில் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று படித்திருப்பீர்கள். லிஃப்ட் பெயர்களைப் புரிந்துகொள்ள அந்தப் பிரிவே எனக்கு மிகவும் உதவியது. எண் வைத்த லிஃப்ட்கள் ஏறக்குறைய இடுகுறி. கலிஃபோர்னியாவின் மாமத் மலையில் முதல் நாற்காலி லிஃப்ட் 1955-இல் வந்தது, அதன் பெயர் சேர் 1. அப்புறம் கட்டக் கட்ட 2, 3, 4 என்று எண் ஏறிக்கொண்டே போனது. கட்டிய வரிசைதான் எண், நிற்கும் இடம் இல்லை. ஆகவே அடுத்தடுத்து நிற்கும் லிஃப்ட்களின் எண்கள் அடுத்தடுத்து இருக்காது. புதிதாக வருகிறவர்கள் திணறுவார்கள். பழகியவர்களுக்கோ அந்த எண்ணே மலையின் வயதைச் சொல்லும்: சிறிய எண் என்றால் மூத்த லிஃப்ட்.

பிற்பாடு அங்கே பழைய லிஃப்ட்களை மாற்றி வேக லிஃப்ட்களை வைத்தபோது பெயர்களும் சேர்ந்தன. சேர் 1 பிராட்வே எக்ஸ்பிரஸ் ஆனது, சேர் 16 கேன்யன் எக்ஸ்பிரஸ் ஆனது. சில பெயர்களை எண்ணை விடாமல் யோசித்து வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் எண் ஹை ஃபைவ், ஒன்பதாம் எண் கிளவுட் நைன். மலை முகத்தில் ஏறும் மூன்றாம் எண்ணுக்கு ஃபேஸ் லிஃப்ட் என்று பெயர். முகத்தை இளமையாக்கும் அறுவை சிகிச்சைக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான், நல்ல சிலேடை. இவ்வளவு செய்தும் பழைய ஆட்கள் எண்ணைச் சொல்வதை விடவில்லை. 2023-இல் அந்த இரண்டு லிஃப்ட்களையும் மறுபடி புதுப்பித்தபோது வைத்த பெயர்களைப் பாருங்கள்: பிராட்வே 1, கேன்யன் 16. எண் திரும்பி வந்துவிட்டது.

எண்ணை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஏன் என்று ஒரு சம்பவம் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு மலையில் இரண்டு லிஃப்ட்களின் பெயர்கள் ஒரே ஓசையில் தொடங்கும். ஒரு மாலை, காற்று இரைச்சலுக்கு நடுவே வயர்லெஸில் ஒரு பெயர் கேட்டது, ஏழாம் கோபுரத்தில் சத்தம் வருகிறது என்று. கருவிப் பையோடு நானும் இன்னொருவரும் ஸ்னோமொபைலில் போய்ச் சேர்ந்தது தவறான லிஃப்டின் ஏழாம் கோபுரத்துக்கு. அங்கே எல்லாம் சரியாகவே இருந்தது. திரும்பி வந்து சரியான இடத்துக்குப் போவதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது. அவ்வளவு நேரமும் நின்ற லிஃப்டில் மனிதர்கள் குளிரில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து ஒரு பெயரைக் கேட்டால் முதலில் நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: காற்றில் கத்தினால் இது தெளிவாகக் கேட்குமா? கொலராடோவின் வேல் (Vail) மலையில் ஒவ்வொரு லிஃப்டுக்கும் எண்ணும் பெயரும் இரண்டுமே உண்டு. பயணி பெயரைச் சொல்லட்டும், வேலைக்காரர் எண்ணைச் சொல்லட்டும். எனக்குத் தெரிந்து மிகவும் நடைமுறையான தீர்வு அதுதான்.

சரி, இனி காரணப்பெயர்கள். விஷயம் செழிப்பாக இருப்பது இங்கேதான். பனிச்சறுக்கு வருவதற்கு முன்பு அந்த மலைகள் சும்மா இருக்கவில்லை. அங்கே சுரங்கம் வெட்டினார்கள், மரம் வெட்டினார்கள், ரயில் பாதை போட்டார்கள். அந்த வேலைகள் போய்விட்டன; சொற்கள் லிஃப்ட்களில் தங்கிவிட்டன. யூட்டாவின் ஆல்ட்டா ஒரு வெள்ளிச் சுரங்க ஊர். 1939-இல் அங்கே ஓடத் தொடங்கிய முதல் நாற்காலி லிஃப்ட் கோலின்ஸ். தாது வாளிகளைச் சுமந்த பழைய சுரங்கக் கம்பிவடத்தின் பாகங்களைக் கொண்டே அதைக் கட்டினார்கள். பக்கத்திலிருக்கும் பார்க் சிட்டியின் வரைபடம் ஒரு சுரங்கக்காரரின் கனவுபோல இருக்கும்: சம்பள நாளைக் குறிக்கும் பேடே, பெரும்புதையல் என்று பொருள்படும் பொனான்ஸா, பாறைக்குள் ஓடும் வெள்ளித் தாது நாளத்தைச் சொல்லும் சில்வர்லோட், தாய் நாளத்தைச் சொல்லும் மதர்லோட். தேய்ன்ஸ் என்ற லிஃப்டின் பெயரைச் சுரங்கத்தின் ஒரு செங்குத்துக் குழியும் தாங்கியிருந்தது. 1960-களில் சறுக்குபவர்களைச் சுரங்க ரயிலில் மலைக்குள்ளேயே கொண்டுபோய், அந்தக் குழியின் தூக்கியில் ஏற்றி மேலே விட்டிருக்கிறார்கள். அந்தப் பெயர் ஒரு காலத்தில் உண்மையாகவே ஆட்களை மலைமேல் ஏற்றிய வழியின் பெயர்.

என் மனதுக்கு இதைவிடவும் நெருக்கமானது மேய்ன் மாநிலத்தின் சுகர்லோஃப். மரம் வெட்டும் தொழிலாளிகளின் சொற்களாலேயே அந்த மலைக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். விஃபிள்ட்ரீ என்பது குதிரையின் இழுவைக் கயிறுகளை வண்டியோடு இணைக்கும், இருபுறமும் ஆடும் குறுக்குக் கட்டை. ஸ்கிட்வே என்பது வெட்டிய மரங்களை உருட்டி அடுக்கும் மேடை. பக்சா ஒரு சட்ட ரம்பம். அந்தப் பெயரில் ஒரு பழைய நாற்காலி லிஃப்ட் இருந்தது. ஸ்னப்பர் என்பதுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த பெயர். குளிர்காலத்தில் மரச்சுமை ஏற்றிய சறுக்கு வண்டி செங்குத்தான சரிவில் இறங்கும்போது தானாக வேகம் பிடித்துவிடும், முன்னால் போகும் குதிரைகளை நசுக்கிவிடும். அதைத் தடுக்க வண்டியின் பின்னால் கயிறு கட்டி, மேலிருந்து இழுத்துப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். அந்தப் பிடிகருவிதான் ஸ்னப்பர். லிஃப்டில் பின்னோக்கி ஓடுவதைத் தடுக்கும் பிரேக்கை நாங்கள் தினமும் காலையில் சோதிக்கிறோம். நூறு ஆண்டுக்கு முன்பு அதே பனியில், அதே கவலையோடு ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். அங்கே கிங் பைன் என்றும் ஒரு லிஃப்ட் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் கப்பலின் பாய்மரத்துக்காக அம்புக்குறி வெட்டி அரசருக்கென்று ஒதுக்கிய உயரமான பைன் மரங்களை அது நினைவூட்டுகிறது.

மனிதர்களின் பெயர் தாங்கியவை தனி வகை. உலகின் முதல் நாற்காலி லிஃப்ட்கள் 1936-இல் ஐடஹோவின் சன் வேலியில் வந்தன. யூனியன் பசிஃபிக் ரயில்வேயின் பொறியாளர் ஜேம்ஸ் கரன், வாழைத்தார்களைக் கப்பலில் ஏற்றும் கொக்கிவடத்தைப் பார்த்திருந்தவர். கொக்கிக்குப் பதில் நாற்காலியை மாட்டினால் என்ன என்று கேட்டார். அந்த முதல் லிஃப்ட்களில் ஒன்று நின்ற பிராக்டர் மலைக்கு, 1928 ஒலிம்பிக்கில் பங்கேற்ற சறுக்கு வீரர் சார்லஸ் பிராக்டரின் பெயர். கரனுடைய பெயர் எந்த லிஃப்டிலும் என் கண்ணில் பட்டதில்லை, அது எனக்கு ஒரு குறைதான். பிரெஞ்சுப் பொறியாளர் ஜான் பொமகால்ஸ்கிக்கு வேறு விதமான பேறு கிடைத்தது. கம்பின் நுனியில் வட்டத் தட்டு வைத்து, அதைக் கால்களுக்கிடையே பிடித்துக்கொண்டு பனியிலேயே இழுபட்டு ஏறும் லிஃப்டுக்கு அவர் பெயரைச் சுருக்கிப் போமா என்றே பல நாடுகளில் சொல்கிறார்கள். நம் இலக்கணத்தில் இதற்குக் கருத்தாவாகுபெயர் என்று பெயர்: செய்தவரின் பெயர் செய்த பொருளுக்கு ஆகி வருவது.

கலிஃபோர்னியாவின் சுகர் போலில் டிஸ்னி எக்ஸ்பிரஸ் என்று ஒன்று இருக்கிறது. படக் கம்பெனியின் விளம்பரம் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. 1939-இல் அந்த மலையைத் திறந்தபோது பணம் போட்டவர்களில் வால்ட் டிஸ்னியும் ஒருவர். அதனால் ஒரு சிகரத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். லிஃப்ட் அந்தச் சிகரத்தின் பெயரை எடுத்துக்கொண்டது. வேலில் பீட்ஸ், எர்ல்ஸ் என்று இரண்டு லிஃப்ட்கள் உண்டு. பீட் சைபர்ட் அந்த ஊரை உருவாக்கியவர் என்று எல்லோருக்கும் தெரியும். எர்ல் ஈட்டன் அவ்வளவாக அறியப்படாதவர், ஆனால் 1957-இல் சைபர்ட்டை அந்த மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியவர் அவர்தான். வரைபடத்தில் இருவர் பெயரும் சம அளவில் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு நிறைவாக இருக்கும்.

எக்ஸ்பிரஸ் என்ற பின்னொட்டு ஏன் இவ்வளவு இடங்களில் வருகிறது என்றும் நீங்கள் யோசித்திருக்கலாம். பெரும்பாலும் அது ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. பழைய வகையில் நாற்காலி வடத்தை விடாமல் பிடித்திருக்கும். ஆட்கள் ஏறி இறங்க வேண்டும் என்பதால் முழு வடமும் மெதுவாகத்தான் ஓட முடியும், நொடிக்கு 2.5 மீட்டர் அளவில். புதிய வகையில் நிலையத்துக்குள் நுழைந்ததும் நாற்காலியின் பிடி வடத்தை விட்டுவிடும். நாற்காலி ஊர்ந்து வந்து ஆளை ஏற்றிக்கொண்டு, வேகம் கூட்டி, மறுபடி வடத்தைக் கவ்வும். அதனால் வடம் நொடிக்கு 5 மீட்டர் அளவில் ஓடலாம். இந்த வகையில் நான்கு பேர் அமரும் முதல் வேக லிஃப்டை 1981-இல் கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜில் கட்டி, குவிக்சில்வர் என்று பெயர் வைத்தார்கள். பாதரசத்தின் பழைய ஆங்கிலப் பெயர் அது. குவிக் என்ற பகுதி வேகத்தையும் சொல்லிவிடுகிறது. அதே சரிவுப் பகுதியில் மெர்குரி என்று இன்னொரு லிஃப்டும் இருக்கிறது. அதுவும் பாதரசம்தான். ஒரே உலோகத்தின் இரண்டு பெயர்கள் அருகருகே ஏறி இறங்குகின்றன.

சிலேடைப் பெயர்களில் பல எனக்குச் சீக்கிரம் சலித்துவிடும். ஆனால் லிஃப்டைப் பற்றி ஓர் உண்மையையும் சொல்லும் சிலேடை நிலைக்கும். மான்டானாவில் ஆறு பேர் அமரும் ஒரு லிஃப்டுக்கு, ஆறு தோட்டா போடும் கைத்துப்பாக்கியின் பெயரான சிக்ஸ் ஷூட்டர் என்று வைத்தார்கள். பெயரைக் கேட்டதும் வரிசையில் ஆறு ஆறாகச் சேர்ந்து நிற்க வேண்டும் என்று தெரிந்துவிடும். கனடாவின் விஸ்லரில் இன்னொரு விதமான அழகு. அங்கே ஃப்ளூட், ஓபோ, பிக்கலோ என்று குழல் கருவிகளின் பெயர் கொண்ட குன்றுகள் வரிசையாக நிற்கின்றன. அந்தப் பக்கத்துக்கு 2006-இல் போட்ட லிஃப்டுக்கு சிம்ஃபனி என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முன்பே ஹார்மனி இருந்தது. விஸ்லர் என்ற பெயரே சீழ்க்கை அடிக்கும் மார்மட் என்ற மலை அணிலால் வந்தது. ஒரு பிராணியின் சீழ்க்கையில் தொடங்கி ஓர் இசைக்குழுவே கூடிவிட்டது. இதைத் திட்டமிட்டு முதல் நாளிலேயே செய்திருந்தால் செயற்கையாக இருந்திருக்கும். ஒவ்வொரு தலைமுறையும் முந்தையவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்ததால்தான் இது இயல்பாக இருக்கிறது.

ஐரோப்பாவில் இவ்வளவு விளையாட்டு குறைவு. அல்ப்ஸில் சிகரத்தின், மேய்ச்சல் நிலத்தின், கணவாயின் பெயரே பெரும்பாலும் லிஃப்டுக்கும் வரும். ஜெர்மன் பேசும் இடங்களில் அதனோடு பான் என்று சேர்த்துக்கொள்வார்கள். ஆஸ்திரியாவின் கிட்ஸ்பியூலில் 1928-இல் வந்த ஹானென்காம்பானை நம் மொழியில் சொன்னால் சேவற்கொண்டை வடவண்டி. பிரான்ஸில் ஷமோனியின் எய்குய் து மிதி என்றால் நண்பகல் ஊசி. ஊரிலிருந்து பார்க்கையில் நண்பகலில் சூரியன் அந்த ஊசிச் சிகரத்தின் மேல் நிற்கும். ஜப்பானில் நான் பார்த்தவற்றில் முதலாம் ஜோடி லிஃப்ட், மூன்றாம் நால்வர் லிஃப்ட் என்று எண்ணும் இருக்கைக் கணக்கும் மட்டும்தான். உடனே புரியும்.

பெயர்கள் சாகவும் செய்யும். இரண்டு பழைய லிஃப்ட்களின் வேலையை ஒரு புதிய லிஃப்ட் செய்யத் தொடங்கினால் ஒரு பெயர் போக வேண்டியதுதான். ஆல்ட்டாவில் 2004-இல் கோலின்ஸும் ஜெர்மேனியாவும் ஒன்றானபோது கோலின்ஸ் பிழைத்தது. 2017-இல் சுப்ரீமும் சீக்ரெட்டும் ஒன்றானபோது சுப்ரீம் பிழைத்தது. போன அந்த சீக்ரெட்டுக்காக நான் உண்மையாகவே வருந்தினேன். ரகசியம் என்ற ஆங்கிலச் சொல்லை முதல் எழுத்தையே மாற்றித் தவறாக எழுதியிருப்பார்கள். எழுத்துத் தெரியாத சுரங்கக்காரர் ஒருவர் அப்படிப் பதிந்ததாகச் சொல்வார்கள். அந்தக் கதை செவிவழி வந்தது, நான் சத்தியம் செய்ய மாட்டேன். தவறான எழுத்தோடு அந்தப் பெயர் ஓர் ஏரிக்கு இன்னும் இருக்கிறது என்பது மட்டும் உறுதி. மாற்ற வேண்டியவையும் உண்டு. தாஹோ ஏரி அருகே 1960 குளிர்கால ஒலிம்பிக் நடந்த மலை, பழங்குடிப் பெண்களை இழிவுபடுத்தும் சொல்லைத் தன் பெயரில் வைத்திருந்தது. 2021-இல் பாலிசேட்ஸ் தாஹோ என்று மாற்றினார்கள். பழகிய பெயர் என்பதற்காக ஒருவரைப் புண்படுத்தும் சொல்லைச் சுமக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

எனக்கு மிகவும் பிடித்த பெயர்களில் ஒன்று அதே மலையில் இருக்கிறது: கே.டி.-22. எண் வைத்த லிஃப்ட் என்று நினைப்பீர்கள், இல்லை. கே.டி. என்பது கிக் டர்ன். மிகச் செங்குத்தான இடத்தில் சறுக்கித் திரும்ப முடியாதபோது, நின்ற இடத்திலேயே ஒரு காலைச் சறுக்குப் பலகையோடு தூக்கி எதிர்ப்பக்கம் வைத்து, மறு காலையும் கொண்டுவந்து திரும்புவது. அந்தப் பள்ளத்தாக்கின் தொடக்கக்காலத்தவர்களில் ஒருவரான சாண்டி பௌல்சன், லிஃப்ட் வருவதற்கு முன்பு அந்தச் சரிவில் இறங்கியபோது இப்படி 22 முறை திரும்பி இறங்கினாராம். எண்ணிக்கை வாய்வழிச் செய்திதான். ஆனால் ஒரு பெண் பயத்தோடு, கவனத்தோடு, ஒவ்வோர் அடியாக இறங்கிய நாள் இன்று அந்த லிஃப்டின் பெயராக இருக்கிறது. வீரச்செயலுக்குப் பெயர் வைப்பதை எங்கும் பார்க்கலாம். எச்சரிக்கையாக நடந்ததற்கு வைத்த பெயரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சறுக்குபவர்கள் தாங்களே வைக்கும் பட்டப்பெயர்களையும் சொல்ல வேண்டும். வெர்மான்டின் ஜே பீக்கில் கிரீன் மவுன்டன் ஃப்ளையர் என்ற நீண்ட லிஃப்ட், வாடைக்காற்றுக்கு நேரே திறந்து கிடக்கிறது. அதில் ஏறியவர்கள் ஃப்ளையரை ஃப்ரீசர் ஆக்கிவிட்டார்கள். அந்தப் பெயர் எந்தக் குழுவின் ஒப்புதலும் இல்லாமலே நிலைத்துவிட்டது.

அதே மாநிலத்தில் மேட் ரிவர் க்ளென் என்ற மலை, அங்கே சறுக்குபவர்களே உறுப்பினர்களாகச் சேர்ந்து நடத்தும் கூட்டுறவு. 1948-இல் கட்டிய லிஃப்டுக்கு அவர்கள் சொல்லும் பெயர் சிங்கிள் சேர், ஒற்றை நாற்காலி. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒருவர்தான் உட்காரலாம். சறுக்குத் துறை இருவர், நால்வர், எண்மர் என்று வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் அந்த லிஃப்ட் பழசாகிப்போனது. இருவர் அமரும் புதியது போடலாமா என்ற பேச்சு வந்தது. உறுப்பினர்கள் ஒற்றை நாற்காலிதான் வேண்டும் என்றார்கள். பணம் திரட்டி, கோபுரங்களைக் கழற்றிச் சீர்படுத்தி, 2007-இல் மறுபடி ஓடவிட்டார்கள். இன்றைக்கும் அதில் தனியாகத்தான் ஏற வேண்டும். கூட வந்தவர் உங்கள் முன்னாலோ பின்னாலோ ஒரு நாற்காலி தள்ளி வருவார். பேச வேண்டுமென்றால் உச்சிக்குப் போய்த்தான் பேச வேண்டும்.